தாத்தா ஊர் தெரியும், பார்த்த வேலை தெரியுமா? தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ், வார இதழ், தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கும், அமெரிக்காவில் தமிழ்ச் சங்கங்களின் மலர்களைத் தயாரிப்பவர்களுக்கும்,

சில வாரங்களுக்கு முன் ஒரு மலருக்காக என்னிடம் கட்டுரை கேட்டார்கள். கமலா ஹாரிஸ் கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞராக, இருந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி எழுதி அனுப்பினேன். "இவ்வளவு சட்ட விவகாரம் நம்ம வாசகர்களுக்கு வேண்டாம் சார், அவங்க தாத்தா ஊரு துளசேந்திரபுரம் கோவில், பெசன்ட் நகர் கடற்கரையில தாத்தாவோட நடந்தது, சித்திங்க, அந்தப் பக்கமா மாத்திக் கொடுங்க" என்று பதில் வந்தது. அந்த ஒருவரோடு எனக்குச் சண்டை இல்லை. 2019-இல் அவர் முதன்முறை அதிபர் வேட்பாளராக முன்வந்த நாளிலிருந்து உங்களில் பெரும்பாலோர் எடுத்துவரும் முடிவைத்தான் அவரும் எடுத்தார். அதனால்தான் இதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

எனக்கும் மன்னார்குடிப் பக்கம்தான். துளசேந்திரபுரம் சாஸ்தா கோவில் எனக்குத் தெரிந்த கோவில். 2020-லும் 2024-லும் அங்கே நடந்த அபிஷேகத்தையும், பேனரையும், கல்வெட்டில் இருக்கிற பெயரையும் நீங்கள் காட்டியதில் தப்பு எதுவும் இல்லை. 1958-இல் பத்தொன்பது வயதில் தனியாக பெர்க்லிக்குப் படிக்கப் போன ஷியாமளா கோபாலனின் கதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் அந்த அம்மா 2009-இலேயே இறந்துவிட்டார். மகள் அட்டர்னி ஜெனரலாகப் பதவியேற்றது 2011 ஜனவரியில். அதற்குப் பிறகு 2017 ஜனவரி வரை கிட்டத்தட்ட நாலு கோடி மக்கள் வாழும் ஒரு மாநிலத்தின் சட்டத்தை அவர் எப்படிக் கையாண்டார் என்பதற்குத் தமிழில் ஒரு ஒழுங்கான கட்டுரை எனக்குக் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். "கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாகவும் பணியாற்றியவர்" என்ற ஒரு வரி எல்லா இடத்திலும் இருக்கிறது, அடுத்த வரியில் அவருக்குப் பிடித்த இட்லி வந்துவிடுகிறது.

அந்தப் பதவி என்னவென்றே நம் வாசகர்களுக்குச் சொல்லப்படவில்லை. தமிழ்நாட்டில் அரசு தலைமை வழக்கறிஞரை அரசாங்கம் நியமிக்கிறது, அரசு மாறினால் அவரும் மாறுவார். கலிஃபோர்னியாவில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சரைப் போல மாநிலத்தை ஆளும் ஆளுநரால்கூட அவரை நீக்க முடியாது. மாநிலத்தின் சார்பில் யார் மேல் வழக்குப் போடுவது, யார் மேல் போடாமல் விடுவது, எந்தச் சட்டத்துக்காக நீதிமன்றத்தில் வாதாடுவது, எதற்கு வாதாட மறுப்பது, மக்கள் வாக்கெடுப்புக்கு வரும் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் வாக்குச்சீட்டில் என்ன தலைப்பு எழுதுவது, எல்லாம் அந்த ஒரு மேசையிலிருந்துதான் வருகிறது. இவ்வளவு அதிகாரம் இருக்கிற இடத்திலிருந்து மேலே போகிறவர்களும் அதிகம். ஏர்ல் வாரன் அங்கிருந்து ஆளுநராகி, பிறகு நாட்டின் தலைமை நீதிபதியும் ஆனார். அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, இரண்டாம் உலகப் போர் நேரத்தில், ஜப்பானிய அமெரிக்கர்களை மேற்குக் கரையிலிருந்து அகற்றத் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். பேட் பிரவுன், டியூக்மேஜியன், ஜெர்ரி பிரவுன் எல்லோரும் அந்த வழியாக வந்த ஆளுநர்கள்தான். அப்படி ஒரு நாற்காலியில் இருந்தவர் மேல் பதவிக்குக் கேட்டு வரும்போது, வாக்காளர் முதலில் பார்க்க வேண்டியது அந்த நாற்காலியில் இருந்து அவர் செய்த வேலையை.

எனக்கு அந்த வேலை எங்கே தட்டியது என்று சொல்கிறேன். சான் வாகீன் மாவட்டத்தில் மவுன்டன் ஹவுஸ் என்று ஓர் ஊர். சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கே வீடு வாங்க வக்கில்லாமல், ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டி வந்து வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களில் நாங்களும் ஒன்று. வீட்டு விலை சரிந்தபோது, வீட்டின் மதிப்பைவிடக் கடன் அதிகமாக இருக்கும் ஊர்களில் நாட்டிலேயே முதலிடம் என்று 2008-இல் எங்கள் ஊர் செய்தியில் வந்தது. அப்புறம் எனக்கு வேலை போனது. வங்கியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, இந்த மடலுக்கு அது தேவையில்லை. தவணையைக் குறைத்துத் தரச் சொல்லி, அதாவது லோன் மாடிஃபிகேஷனுக்கு, விண்ணப்பித்தோம். சம்பளச் சீட்டு, வரிப் படிவம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஃபேக்ஸ் செய்தோம். வரவில்லை என்றார்கள், மறுபடி செய்தோம், பழையதாகிவிட்டது புதிது வேண்டும் என்றார்கள், ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் வேறொருவர் எடுப்பார், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று ஒரு பிரிவு கடிதம் எழுதிக்கொண்டிருந்த அதே வேளையில் இன்னொரு பிரிவு ஏல அறிவிப்பைக் கதவில் ஒட்டியது.

தவணை கட்டாத வீட்டை எடுத்து ஏலம் விடுவதுதான் ஃபோர்குளோஷர், கலிஃபோர்னியாவில் அது பெரும்பாலும் நீதிபதி முன்னால் போவதே இல்லை. தவணை தவறிய அறிவிப்பு, மூன்று மாதம், பிறகு ஏல அறிவிப்பு, பிறகு ஏலம். நீதிமன்றப் படிக்கட்டில் ஏலம் நடக்கும், உள்ளே இருக்கும் நீதிபதிக்கு அது தெரியாது. 2011-இல் எங்கள் வீடு அப்படித்தான் போனது. என் மனைவி பல மாதங்கள் யாரிடமும் பேசவில்லை. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குப் போவதை நிறுத்தினோம், ஏனென்றால் "எங்க இருக்கீங்க இப்போ" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. எங்களைப் போல இன்னும் எத்தனையோ வீடுகள் இருந்தன. வெட்கத்தில் யாரும் வெளியே சொல்லவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் கமலா ஹாரிஸ் ஒரு முடிவு எடுத்தார். ஃபோர்குளோஷர் முறைகேடுகள் பற்றி ஐந்து பெரிய வங்கிகளோடு எல்லா மாநில அட்டர்னி ஜெனரல்களும் சேர்ந்து நடத்திய சமரசப் பேச்சிலிருந்து கலிஃபோர்னியாவை வெளியே எடுத்தார். வீட்டுக்காரர்களுக்குக் கிடைப்பது மிகக் குறைவு, வங்கிகளுக்குக் கிடைக்கும் மன்னிப்பு மிக அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுமார் 74,000 வாக்குகளில், ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில், எண்ணி முடிக்க மூன்று வாரம் ஆன தேர்தலில் ஜெயித்து வந்தவர் அவர். ஒபாமா அரசே சீக்கிரம் முடியுங்கள் என்று நெருக்கிக்கொண்டிருந்த நேரம். 2012 பிப்ரவரியில் மீண்டும் சேர்ந்தபோது கலிஃபோர்னியாவின் பங்கு 1,800 கோடி டாலர் வரை போகும் என்று அறிவித்தார். முதலில் பேசப்பட்டது அதில் கால் பங்குகூட இல்லை. அதே ஆண்டு ஜூலையில் வீட்டு உரிமையாளர் உரிமைச் சட்டம் நிறைவேறி, 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மாடிஃபிகேஷன் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது ஏலத்தை நகர்த்தக் கூடாது, வீட்டுக்காரரோடு பேச ஒரே ஆளை நியமிக்க வேண்டும், பத்திரங்களைப் படிக்காமல் கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போடக் கூடாது. எங்களுக்கு நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து "இது கூடாது" என்று எழுதிய சட்டம் அது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அதை வைத்து வீட்டைக் காப்பாற்றியதை என் கண்ணால் பார்த்தேன். என் தெருவிலேயே பார்த்தேன்.

இதை ஒரு தமிழ் வாசகருக்குச் சொல்ல உங்களுக்கு என்ன தடை? இட்லியைவிட இது பெரிய செய்தி இல்லையா?

சரி, இதோடு நின்றால் நானும் துதி பாடுகிறவன்தான். அந்த 1,800 கோடியில் பெரும் பங்கு வீட்டைக் காப்பாற்றப் போகவில்லை. கடனைவிடக் குறைந்த விலைக்கு வீட்டை விற்க வங்கி சம்மதிக்கும் ஷார்ட் சேலும் அதே கணக்கில்தான் வந்தது, அங்கேயும் குடும்பம் வெளியேறத்தான் வேண்டும். ஏற்கெனவே வீடு இழந்தவர்களுக்கு 2013-இல் காசோலை வந்தது, எங்களுக்கும் வந்தது, 1,480 டாலர். மாநிலத்துக்கு நேரடியாக வந்த சுமார் 41 கோடி டாலரை ஆளுநர் ஜெர்ரி பிரவுன் பட்ஜெட் பற்றாக்குறைக்குத் திருப்பினார், ஹாரிஸ் எதிர்த்தும் பலிக்கவில்லை. இதைவிட என்னைத் தூங்கவிடாதது ஒன்வெஸ்ட் வங்கி விவகாரம். அந்த வங்கி ஃபோர்குளோஷரில் பெரிய அளவில் விதிமீறல் செய்திருக்கிறது, வழக்குப் போட வேண்டும் என்று 2013 ஜனவரியில் அவர் அலுவலக வழக்கறிஞர்களே குறிப்பு எழுதியிருக்கிறார்கள். வழக்குப் போடப்படவில்லை. நான்கு ஆண்டு கழித்து, அந்த வங்கியை நடத்திய ஸ்டீவன் மனுச்சின் ட்ரம்ப்பின் நிதியமைச்சராகும் நேரத்தில் அந்தக் குறிப்பு வெளியே வந்தது. அப்போது ஹாரிஸ் செனட்டர். மனுச்சின் நியமனத்தை எதிர்த்து வாக்களித்தார். ஆனால் ஏன் வழக்குப் போடவில்லை என்று கேட்டதற்கு, ஆதாரத்தைப் பார்த்து அலுவலகம் எடுத்த முடிவு என்பதற்கு மேல் விளக்கம் வரவில்லை. வீடு இழந்தவனுக்கு அது போதாது.

2016-இல் அவர் செனட்டுக்கு நின்றபோது நான் குடியுரிமை வாங்கியிருந்தேன். கலிஃபோர்னியாவில் முதல் சுற்றில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் எந்தக் கட்சியானாலும் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள், அதனால் அவரும் லொரெட்டா சான்செஸும், இரண்டு பேரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், மோதினார்கள். கட்சியைப் பார்த்து ஓட்டுப் போட முடியாது, ஆளைப் பார்த்துத்தான் போட வேண்டும். எங்கள் வீட்டில் மாமனார் மாமியாருக்கும் ஓட்டு இருந்தது. அவர்கள் படிப்பது தமிழ் மட்டும். அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் தமிழில் ஒரு பக்கம் இல்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே வாயால் சொன்னேன்.

என்ன சொன்னேன் தெரியுமா? 2004-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்த ஊரின் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த ஹாரிஸ், கொலையாளிக்கு மரண தண்டனை கேட்க மாட்டேன் என்றார். போலீஸ் சங்கம் கொதித்தது, செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் இறுதிச் சடங்கிலேயே கண்டித்தார், ஹாரிஸ் பின்வாங்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 2014-இல், கலிஃபோர்னியாவின் மரண தண்டனை முறையே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ஒரு ஃபெடரல் நீதிபதி தீர்ப்புச் சொன்னபோது, அதே ஆள் மேல்முறையீடு செய்தார், தீர்ப்பும் மாறியது. ஆனால் ஒருபாலினத் திருமணத்தைத் தடுத்த முன்மொழிவு 8-க்காக வாதாட மாட்டேன் என்று மறுத்தவரும் அவர்தான். அப்படியென்றால் ஒரு சட்டம் மனசாட்சிக்கு ஒவ்வாதபோது அட்டர்னி ஜெனரல் ஒதுங்கலாமா, கூடாதா? ஒன்றில் ஒதுங்கியவர் இன்னொன்றில் ஏன் ஒதுங்கவில்லை? என் மாமனார் இதை வெகுநேரம் யோசித்தார். மேல் பதவியை மனதில் வைத்து எடுத்த முடிவா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெற்றோரைத் தண்டிக்கும் சட்டத்தையும் சொன்னேன். அவர் ஆதரித்து 2010-இல் வந்தது, தக்க காரணமின்றிப் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வகுப்பைத் தவறவிட்டால் பெற்றோருக்கு 2,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை என்று அது சொன்னது. படிப்பை விட்ட பிள்ளைகள்தான் பிறகு குற்றத்திலும் கொலையிலும் சிக்குகிறார்கள் என்பது அவர் வாதம், அதில் உண்மை உண்டு. ஆனால் சில மாவட்டங்களில் பெற்றோரைக் கைது செய்யவும் அது பயன்பட்டது, 2019-இல் அதற்காக அவரே வருத்தம் தெரிவித்தார். ஊரில் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பி, பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய தமிழ்ப் பெற்றோர் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தின் பின்னால் இருந்த சட்டத்துக்கு ஆதரவு திரட்டியவர் யார் என்று அவர்கள் தமிழில் எங்கேயும் படித்திருக்க வழியில்லை.

கொரிந்தியன் கல்லூரிகள் விவகாரமும் இருக்கிறது. வேலை கிடைக்கும் என்று பொய்ப் புள்ளிவிவரம் காட்டி ஏழை மாணவர்களைக் கடனில் தள்ளிய தனியார் கல்லூரி நிறுவனம் அது. 2013-இல் ஹாரிஸ் வழக்குப் போட்டு, 2016-இல் 110 கோடி டாலர் தீர்ப்பு வாங்கினார். நிறுவனம் அதற்குள் திவாலாகியிருந்தது. 2022-இல், துணை அதிபராக, அந்தக் கல்லூரிகளில் படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கல்விக் கடன் ரத்து என்ற அறிவிப்பை அவரே வந்து சொன்னார். ஒரு வழக்கு ஓர் ஆளின் அரசியல் வாழ்க்கை முழுக்க எப்படிக் கூட வருகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கல்விக் கடன் பிரச்சினை தமிழ்நாட்டு வாசகருக்கு அந்நியமா? இன்னொரு பக்கம், சிறைகளில் கூட்டத்தைக் குறைக்க உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும், கைதிகளைச் சீக்கிரம் விட்டால் காட்டுத்தீ அணைக்க ஆள் குறையும் என்று 2014-இல் அவர் அலுவலக வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். செய்தியில் பார்த்துத்தான் தனக்கே தெரியும், அதிர்ச்சியாக இருந்தது என்றார் ஹாரிஸ். தன் அலுவலகத்தில் நடப்பது தெரியாத தலைவரை எப்படி எடுத்துக்கொள்வது? நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டில் மூன்று பேரும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டோம். வீட்டுச் சட்டத்துக்காகப் போட்டோம், ஒன்வெஸ்ட் கேள்வியோடு போட்டோம். "நம்ம பொண்ணு" என்பதற்காகப் போடவில்லை.

2024-இல் பைடன் விலகி இவர் வேட்பாளரானதும் ஊரிலிருந்து அம்மா ஃபோனில் கேட்டார்: "நம்ம ஊருப் பொண்ணு ஜெயிச்சிருமாப்பா?" அவர் செய்த வேலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உன் வீடு போறப்ப அவங்கதான் அந்த அதிகாரத்துல இருந்தாங்களா? அப்ப என்ன பண்ணாங்க?" என்றார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். உங்கள் விவாத மேடைகளில் உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்க்கவில்லை. "சட்ட விவகாரம் நம்ம வாசகர்களுக்கு வேண்டாம்" என்று நீங்கள் சொல்வது என் அம்மாவைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தானே? அவருக்குப் புரிகிறது, அவர் கேட்கிறார், பதில் சொல்லத்தான் நீங்கள் தயாராக இல்லை.

கோவிலில் தேங்காய் உடைத்ததையும் தோல்விக்குப் பிறகு ஊர் சோகமாக இருந்ததையும் காட்டினீர்கள். ஏன் தோற்றார் என்பதில் அந்த ஆறு ஆண்டுகளுக்கு என்ன பங்கு என்று கேட்கவில்லை. 2019-இல் இடதுசாரிகள் அவரைப் போலீஸ்காரி என்றார்கள், 2024-இல் வலதுசாரிகள் குற்றவாளிகளுக்கு இளகியவர் என்றார்கள். இரண்டு தரப்பும் கையில் எடுத்தது அதே கோப்புகளைத்தான். அந்தக் கோப்புகளைத் தமிழ் வாசகர் பார்த்ததே இல்லை, அதனால் இரண்டு கூச்சலும் அவருக்கு வெறும் வெறுப்பாக, ஒரு தமிழ்ப் பெண்ணைப் பொறுக்காத வெள்ளைக்காரப் பொறாமையாகத் தெரிந்தது. இனவெறி இருந்தது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அது மட்டும் இருந்ததாக நம்பவைத்தது உங்கள் மௌனம். பூர்வீகத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் பெண்ணுக்கும் மரியாதை இல்லை. தாத்தாவின் பேத்தியாக இருக்க அவர் எதுவும் செய்யவில்லை. வங்கிகளோடு மோத அவர் துணிச்சலாக ஒரு முடிவு எடுத்தார்.

இது முடிந்துபோன கதை இல்லை. 2026-இல் கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்கு நிற்கப் போவதில்லை என்று 2025 ஜூலையில் அறிவித்தார், அதன் பிறகு 2028 அதிபர் தேர்தல் பற்றிக் கேட்டபோது கதவை மூடவில்லை. அவருக்குப் பின் அதே நாற்காலியில் இருந்த ஸேவியர் பெசெரா ஆளுநர் பதவிக்கு நிற்பதாக 2025-இல் அறிவித்தார். டெக்சாஸில் அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் செனட்டுக்கு இறங்கினார். 2023-இல் மாநில கீழவை பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேற்றி, மேலவை விடுவித்த ஆள் அவர். டாலஸிலும் ஹூஸ்டனிலும் ஆஸ்டினிலும் எவ்வளவு தமிழர்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், மலர் விளம்பரம் அங்கிருந்துதானே வருகிறது. அவருக்குத் துளசேந்திரபுரம் இல்லை என்பதால் அவரைப் பற்றித் தமிழில் எதுவுமே வரவில்லை. தமிழர் ஓட்டுப் போடும் மாநிலத்தில் தமிழர் வாழ்க்கையைத் தொடும் பதவியில் இருப்பவர் யாராக இருந்தாலும் அது தமிழ்ச் செய்திதான்.

நான் கேட்பது இவை. அடுத்த முறை கமலா ஹாரிஸ் பற்றி நீங்கள் வெளியிடும் முதல் நீண்ட கட்டுரை 2011 முதல் 2017 வரையிலான அவர் வேலையைப் பற்றி இருக்கட்டும். வங்கி ஒப்பந்தம், ஒன்வெஸ்ட், மரண தண்டனை, பள்ளி வருகைச் சட்டம், சிறைகள், கொரிந்தியன் எல்லாம் பொது ஆவணங்களில் கிடைக்கின்றன, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரு செய்தியாளருக்கு இரண்டு வாரம் கொடுத்தால் போதும். கோவில் படத்தை அதற்கப்புறம் போடுங்கள். அந்த முடிவுகளால் வாழ்க்கை மாறிய தமிழர்களைத் தேடிப் பேசுங்கள். வீடு இழந்தவர்கள் இருக்கிறோம், காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள், பெயர் போடாமல் பேசச் சம்மதிப்பார்கள். தமிழ்ச் சங்கங்கள் வேட்பாளர்களை விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறீர்களே, அடுத்த முறை அழைக்கும்போது உறுப்பினர்களிடமிருந்து கேள்விகளை முன்கூட்டியே வாங்கி, மேடையில் கேட்டு, பதிலைத் தமிழில் வெளியிடுங்கள். அட்டர்னி ஜெனரலாக இருந்து வருகிறவரானால், எந்த வழக்கைப் போடாமல் விட்டீர்கள், ஏன் என்ற கேள்வி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் வயதானவர்கள் படிக்கும்படி, தமிழில் மட்டும், பெரிய எழுத்தில், மாநிலப் பதவிகளுக்கு நிற்பவர்கள் என்ன செய்தார்கள் என்று நான்கு பக்கம் அச்சிட்டுக் கொடுங்கள். கலிஃபோர்னியாவுக்கு அதை எழுதித் தர நான் தயார், காசு வேண்டாம்.

திருப்பி அனுப்பப்பட்ட என் கட்டுரை இப்போதும் என்னிடம் இருக்கிறது. உங்களில் யார் கேட்டாலும் அனுப்பிவைக்கிறேன். வெட்டுங்கள், தப்பு இருந்தால் திருத்துங்கள், எதிர்த்து இன்னொருவரை எழுதச் சொல்லி இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். வேண்டாம் என்றால், வாசகர்களைக் காரணம் காட்டாமல், உங்களுக்கு ஏன் வேண்டாம் என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கலிஃபோர்னியாவில் வாழும் ஒரு தமிழ் வாக்காளர்